அக்கா பதில்கள்: பரோசா பக்கம் போறவங்களுக்கு

போன இதழ்ல சவுத் ஆஸ்திரேலியாவுல ஒயினுக்குப் பேர் போன பரோசா பள்ளத்தாக்குல, தனுண்டா பக்கத்துல நான் ஒரு குடும்பத்தோட திராட்சைத் தோட்டத்துக்கு அறுவடை சீசன்ல வேலைக்குப் போறேன், வீக்எண்ட்ல அவங்க செல்லர் டோர்ல, அதாவது ஒயின ருசி பாத்து வாங்கற கவுண்டர்ல, கிளாஸ் கழுவி ஊத்திக் குடுக்கறேன்னு நாலே வரி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விகளப் பாத்தா இத்தன பேர் மனசுக்குள்ள இந்த ஆச வச்சிருந்தீங்களான்னு இருக்கு. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன். திட்டி வந்த லெட்டரும் ஒண்ணு இருக்கு, அதையும் போட்டுட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்க அடிலெய்ட்ல இருந்து நாலு குடும்பம் ஒரு சனிக்கிழமை பரோசா போறோம். பெரிய கம்பெனி இடம் வேணாம், சின்ன குடும்ப ஒயினரியா பாக்கணும். எல்லா போர்டுலயும் 'பூட்டிக்', அதாவது சின்ன ஒயினரின்னுதான் எழுதியிருக்கு, எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரே நாள்ல ஏழெட்டு இடம் பாத்துடலாமா?
(அடிலெய்ட் வாசகி)

தங்கச்சி, முதல்ல அந்த ஏழெட்ட மறந்துடு. மூணு போதும், நாலாவது இடத்துல ஷிராஸுக்கும் (இந்த ஊர் செவப்பு ஒயின்) சிரப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

'பூட்டிக்'ங்கறதுக்கு இவ்ளோ டன், இத்தன பாட்டில்னு சட்டத்துல எந்த அளவும் கிடையாது, யாரு வேணா போர்டுல எழுதிக்கலாம். அதனால போர்ட நம்பாத, ஊத்தற ஆளப் பாரு. மார்ச் மாசம் போனா அந்த ஆளோட நக இடுக்குல கத்தரிப்பூ கலர் இருக்கா பாரு, இருந்தா அவங்கதான் காலைல தொட்டில வேல பாத்துட்டு இப்ப உனக்கு ஊத்தறாங்கன்னு அர்த்தம். அப்பறம் ஒரே ஒரு கேள்வி கேளு, "இந்தப் பழம் எந்தத் தோட்டத்துது?" குடும்ப ஒயினரின்னா அவங்க ஜன்னல் வழியா கைய நீட்டிக் காட்டுவாங்க, இல்ல பக்கத்து ரோட்டுல இன்னார்கிட்ட இருபது வருஷமா வாங்கறோம்னு ஒரு கதையே ஆரம்பிச்சுடுவாங்க. "சவுத் ஆஸ்திரேலியாவுல பல இடத்துல இருந்து"ன்னு இழுத்தா புரிஞ்சுக்க வேண்டியதுதான்.

சின்ன இடம்னா சொந்தமா பெரிய கட்டடம் இருக்கணும்னு அவசியம் இல்ல, நெறைய பேர் பக்கத்து ஒயினரில வாடகைக்கு தொட்டியும் பழம் பிழியற பிரஸ்ஸும் எடுத்துதான் பண்றாங்க, அது ஒண்ணும் ஏமாத்து இல்ல. இந்த ஊர்ல அது எப்பவும் அப்படித்தான்.

முக்கியமான விஷயம், நாலு குடும்பம்னா குழந்தைங்களோட பதினாலு பதினஞ்சு பேர் ஆயிடும் இல்லயா, நாங்க ஊத்தற இடத்துல இருக்கறதே ஒம்போது ஸ்டூல். முன்னாடியே போன் பண்ணிடுங்க. பல இடம் சனி ஞாயிறு மட்டும்தான், சிலது அப்பாயின்ட்மென்ட் இருந்தாதான் தொறப்பாங்க, ஏன்னா செவ்வாக்கிழமை அங்க ஊத்தற அம்மாவே ட்ராக்டர் மேல இருப்பாங்க. காலைல சீக்கிரம் கிளம்புங்க, ஆங்காஸ்டன்ல சனிக்கிழமை விவசாயிகள் சந்தை கூடும், அங்க சாப்ட்டுட்டு, அப்பறம் மரனங்கா பக்கமோ கிராண்டார்ஃப் ரோடு பக்கமோ போங்க. உயரமான இடம் வேணும்னா ஈடன் வேலி, அங்க கொஞ்சம் குளிரும், ரீஸ்லிங்ங்கற வெள்ள ஒயின் பிரமாதமா இருக்கும். வயித்துல ஒண்ணும் இல்லாம மட்டும் வராதீங்க.

கேள்வி: முன்னாடி எல்லாம் டேஸ்டிங் ஃப்ரீயா குடுப்பாங்க. இப்ப ஒரு முழுங்கு ஒரு முழுங்கா ஊத்திட்டு காசு கேக்கறாங்களே, இது பகல் கொள்ள இல்லயா?
(மெல்பர்ன் வாசகர்)

அண்ணா, நீங்க எத்தன பாட்டில் வாங்குனீங்கன்னு சொல்லலயே! பெரும்பாலான சின்ன இடத்துல பாட்டில் வாங்கினா அந்த ஃபீய கழிச்சுடுவாங்க. கணக்குப் பாருங்க, ஒரு ஆளுக்கு 30 மில்லி வீதம் ஆறு வக ஊத்தினா 180 மில்லி, நாலு பேர் வந்தா கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில் போச்சு, அதுவும் ஆறு பாட்டில தொறந்து வச்சுதான் அந்த ஒரு பாட்டிலக் குடுக்க முடியும், மிச்சம் ரெண்டு மூணு நாள்ல வீணாப் போயிடும். ஃப்ரீயா இருந்த காலத்துல ஹென்ஸ் பார்ட்டின்னு (கல்யாணப் பொண்ணும் தோழிங்களும் கொண்டாடறது) பஸ்ஸு பஸ்ஸா வந்து குடிச்சுட்டு, நன்றின்னு ஒரு வார்த்த கூட சொல்லாம போவாங்க. அந்தப் பாவம் உங்க தலைல விடிஞ்சிருக்கு.

கேள்வி: பாட்டில் கடைல 10 டாலருக்கு நல்ல ஷிராஸ் கிடைக்குது. போன வாரம் பரோசால ஒரு சின்ன ஒயினரில 60 டாலர் சொன்னாங்க. ஆறு மடங்கு ருசி இருக்குமா? எதுக்கு இவ்ளோ வெல?
(பாராமட்டா வாசகர்)

ஆறு மடங்கு ருசின்னு எல்லாம் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வெல எங்க போகுதுன்னு சொல்றேன், நானே மூணு சீசன் கழிச்சுதான் புரிஞ்சுகிட்டேன்.

ஒரு டன் பழத்துல சுமாரா 600லருந்து 700 லிட்டர் ஒயின், அதாவது எண்ணூறு தொள்ளாயிரம் பாட்டில். அந்த 10 டாலர் பாட்டிலுக்குப் பழம் வர்ற இடம் பெரும்பாலும் முர்ரே ஆத்துத் தண்ணி பாயற ரிவர்லாண்ட் மாதிரி இடங்க, அங்க ஏக்கருக்கு பத்து டன்னெல்லாம் சாதாரணம், எல்லாமே மெஷின் அறுவட. நான் போற தோட்டத்துல பழைய கொடிங்க, பந்தலும் கிடையாது கம்பியும் கிடையாது, இடுப்பு உயரத்துக்கு முறுக்கிகிட்டு புதர் மாதிரி நிக்கும், சொட்டு நீர் கிடையாது, மழைய நம்பிதான். ஏக்கருக்கு ஒரு டன் வந்தா அந்தத் தோட்டத்துக்கார அம்மா கேக் சுடுவாங்க. கம்பி இல்லாத கொடில மெஷின் ஏற முடியாது, அதனால கையாலதான் பறிக்கணும், ஆள் கூலி ஆஸ்திரேலியாவுல என்னன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பீப்பா. புது ஃபிரெஞ்சு ஓக் பீப்பா ஒண்ணு ஆயிரம் டாலருக்கு மேல, 225 லிட்டர் பிடிக்கும், முன்னூறு பாட்டில். அப்ப பாட்டிலுக்கு மூணு டாலருக்கு மேல மரத்துக்கே போச்சு. அது பீப்பாக்குள்ள ஒண்ணரை வருஷம் தூங்கும், அது தூங்கற வரைக்கும் பேங்க் வட்டி தூங்காது. அப்பறம் பாட்டில், லேபிள், மூடி, அட்டப்பெட்டி, சின்ன ஆளுங்க எல்லாத்தையும் சில்லறயா வாங்கறதால எல்லாமே கூடுதல் வெல.

வரி வேற. ஆஸ்திரேலியாவுல ஜிஎஸ்டி 10 சதவீதத்துக்கு மேல ஒயினுக்குன்னு தனியா ஒயின் ஈக்வலைசேஷன் டாக்ஸ்னு ஒண்ணு, எல்லாரும் 'வெட்'னு சொல்வாங்க, 2000 ஜூலைல வந்தது, மொத்த விலைல 29 சதவீதம். செல்லர் டோர்ல நேரடியா விக்கறப்ப, விக்கற விலைல பாதிய மொத்த விலையா வச்சுக் கணக்குப் போடலாம்னு ஒரு வழி உண்டு. உங்க 60 டாலர் பாட்டில்ல 30 டாலருக்கு 29 சதவீதம்னா 8 டாலர் 70 சென்ட். ஜிஎஸ்டி ஒரு 5 டாலர் 45 சென்ட். ஆக 14 டாலர் சொச்சம் வரியே.

இங்கதான் சின்ன ஒயினரிங்க மூச்சு விடற எடம் இருக்கு. அந்த வெட் வரிய ஒரு வரம்பு வரைக்கும் தயாரிக்கறவங்களுக்கே திருப்பிக் குடுத்துடறாங்க. முன்னாடி வருஷத்துக்கு 5,00,000 டாலர் வரைக்கும் இருந்துச்சு, 2018 ஜூலைல 3,50,000 ஆக்கினாங்க, கூடவே பழம் நசுக்கறதுக்கு முன்னாடியே 85 சதவீதமாவது உங்க சொந்தமா இருக்கணும், உங்க பேர் போட்ட பாட்டிலா இருக்கணும்னு கண்டிஷனும் போட்டாங்க, ஏன்னா தோட்டமும் இல்லாம ஒயினரியும் இல்லாம வெறும் பேப்பர்ல ஒயின் வாங்கி வித்து அந்தக் காச எடுத்தவங்க இருந்தாங்க. எங்க தோட்டத்துக்கார அம்மா சொல்வாங்க, அந்த ரிபேட் வர்ற மாசம்தான் ட்ராக்டருக்கு டயர் மாத்தற மாசம்னு.

ஒண்ணு செய்ங்க அண்ணா. அடுத்த தடவ அந்த 60 டாலர் ஷிராஸோட நிறுத்தாம அவங்க கிரெனாஷோ மட்டாரோவோ கேளுங்க, அதுவும் செவப்புத் திராட்ச வகதான். பேரு கம்மி, அதனால வெலயும் பெரும்பாலும் கொறைவா இருக்கும், கொடி என்னவோ அதே வயசு. நான் வீட்டுக்கு வாங்கறது அதுதான்.

கேள்வி: அக்கா, கொடிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கப் போனோம், ஒரு பெரியவர் ஓடி வந்து செருப்பக் கழட்டச் சொல்லி கத்தினார். மூஞ்சியே செத்துப் போச்சு. நாங்க என்ன திருடவா போனோம்?
(சிட்னி வாசகி, ஆனா விக்டோரியால இருக்கற யாரா பள்ளத்தாக்கு வழியா கார்ல வந்தோம்னு எழுதியிருக்காங்க)

அய்யோ கண்ணு, நீ எழுதின அந்தக் கடைசி வரிதான் விஷயமே. யாரா பள்ளத்தாக்குல போட்டுட்டு நடந்த அதே ஷூவோட நீ பரோசா கொடிகிட்ட போயிருக்க. அந்தப் பெரியவருக்கு மாரடைப்பு வராம இருந்ததே பெரிசு.

ஃபிலாக்ஸராங்கறது நம்ம அசுவினி இருக்கில்ல, அந்த ஜாதில ஒரு குட்டிப் பூச்சி, வேர்ல உக்காந்து சாற உறிஞ்சி கொடியவே கொன்னுடும். 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவோட திராட்சத் தோட்டங்கள பெரும்பாலும் அழிச்சது இதுதான், அதுக்கப்பறம் அங்க எல்லாம் அமெரிக்க வேர் மேல ஒட்டுக் கட்டித்தான் வளக்கறாங்க. ஆஸ்திரேலியாவுல 1877ல விக்டோரியால ஜீலாங் பக்கத்துல கண்டுபிடிச்சாங்க. சவுத் ஆஸ்திரேலியாக்காரங்க உஷார் ஆகி 1899லயே சட்டம் போட்டு வெளில இருந்து கொடி, மண்ணு எதுவும் வராம கதவ அடச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் இந்த மாநிலத்துக்குள்ள அந்தப் பூச்சி வரல. யாரா பள்ளத்தாக்குல 2006ல வந்துடுச்சு. அது ஷூவுல ஒட்டின மண்ணுல, கார் டயர்ல, பறிக்கற பக்கெட்லன்னு எதுல வேணா ஏறி ஊரு விட்டு ஊரு போகும்.

அதனாலதான் பரோசால சொந்த வேர்ல நிக்கற கொடிங்க இவ்ளோ பழசா இருக்கு. லாங்மெயில் ஒயினரில 1843ல நட்ட ஷிராஸ், டர்க்கி ஃப்ளாட் ஒயினரில 1847ல நட்டது, இன்னும் காய்க்குது. 2009ல இதுக்குன்னே ஒரு பழைய கொடி சாசனம் பண்ணி வகப் பிரிச்சிருக்காங்க, 35 வயசு ஆனா 'ஓல்ட்', 70 ஆனா 'சர்வைவர்', 100 ஆனா 'சென்டினேரியன்', 125 தாண்டினா 'ஆன்செஸ்டர்', அதாவது மூதாதை. உன்னைக் கத்தின பெரியவர் ஏதோ ஒரு மூதாதைக்குக் காவல் நின்னிருப்பார், நம்ம வீட்டு பூஜ ரூமுக்குள்ள யாராவது ஷூ காலோட வந்தா நாம கத்த மாட்டோமா.

நாங்க வேலைக்குப் போறப்பவே ஒரு தட்டுல ப்ளீச் கரைசல் வச்சிருப்பாங்க, முதல்ல பிரஷ்ஷால மண்ணத் தேச்சு எடுத்துட்டு அதுல பூட்ஸோட ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த ஒரு நிமிஷம் தோட்டத்துக்கார அம்மா கைக்கடிகாரத்தப் பாத்துகிட்டே நிப்பாங்க, நாப்பது செகண்ட்ல கால எடுத்தா திரும்ப முதல்ல இருந்து. போட்டோவ ரோட்டுல நின்னு எடு, இல்ல செல்லர் டோர் வாசல்ல காட்சிக்குன்னே ரெண்டு வரிச கொடி வச்சிருப்பாங்க, அங்க எடு.

கேள்வி: நான் சுத்த சைவம். எப்பவாவது ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பேன். ஒயின்ல மீன் கலக்கறாங்கன்னு ஒரு வாட்ஸப் மெசேஜ் வந்துச்சு, உண்மையா?
(பெர்த் வாசகி)

வாட்ஸப்ல வந்ததுல இது ஒண்ணு பாதி உண்மை. கலங்கல் தெளியறதுக்கு சில பேர் முட்ட வெள்ளக்கரு, பால்ல இருந்து எடுக்கற கேஸீன், ஜெலட்டின், அப்பறம் மீனோட காத்துப்பைல இருந்து எடுக்கற ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு சேப்பாங்க. அது கலங்கல இழுத்துகிட்டு அடில போய் உக்காந்துடும், மேல இருக்கறத வடிச்சு எடுப்பாங்க. 'கலக்கறாங்க'ங்கறத விட 'கழுவறாங்க'ன்னு சொல்லலாம், ஆனா சைவக்காரங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், புரியுது.

முட்டயோ பாலோ மிச்சம் இருந்தா ஆஸ்திரேலியால லேபிள்ல போடணும். மீன் ஐசிங்கிளாஸுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்காங்க, அதனால 'வீகன்'னு போடலன்னா லேபிளப் பாத்து நீங்க கண்டுபிடிக்கவே முடியாது. இதுக்குத்தான் சின்ன ஒயினரி நல்லது, ஏன்னா நேரா பண்ணின ஆள்கிட்டயே கேக்கலாம். "ஃபைனிங் என்ன போட்டீங்க"ன்னு கேளுங்க. நெறைய பேர் ஒண்ணுமே போடறதில்ல, தானா தெளியட்டும்னு விட்டுடறாங்க, சில பேர் பென்டோனைட்னு ஒரு களிமண்ணு போடறாங்க, அது உங்களுக்கு ஓகே. 'வீகன்'னு பின்னாடி அச்சடிச்ச பாட்டிலும் இப்ப நெறைய வருது.

கேள்வி: ஆறு டேஸ்டிங் பண்ணிட்டு கார் ஓட்டலாமா?
(பேர் போட வேணாம்னு கேட்ட வாசகர்)

ஓட்டாதீங்க. ஆறு டேஸ்டிங்னா 180 மில்லி, பரோசா ஷிராஸ் பதினாலரை சதவீதம் ஆல்கஹால்னு வச்சா அதுவே ரெண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒண்ணுல 10 கிராம் ஆல்கஹால்), அது ஒரே ஒரு இடத்துல. ரத்தத்துல ஆல்கஹால் லிமிட் 0.05 சதவீதம், எல் போர்டு, பி பிளேட் வச்ச புது டிரைவர் தம்பிங்களுக்கு பூஜ்யம். தனுண்டா ரோட்டுல சனிக்கிழம மத்தியானம் போலீஸ் ஊதச் சொல்றது சகஜம். ஒருத்தர் குடிக்காம இருங்க, இல்ல துப்புங்க. துப்பறதுக்குன்னே ஜாடி வச்சிருப்பாங்க, அதுல துப்பினா மரியாதக் குறைவுன்னு நம்மாளுங்க கூச்சப்படறாங்க, ஆனா ஒயின் பண்றவங்க எல்லாரும் துப்பற ஆளுங்கதான். நான் முதல் நாள் துப்பறப்ப பாதி என் வெள்ள சட்டைலயே விழுந்துச்சு, அந்தக் கறை இன்னும் இருக்கு.

கேள்வி: ஒரு தமிழ்ப் பத்திரிகைல சாராயத்துக்கு விளம்பரமா? குடி குடியக் கெடுக்கும்னு படிச்சு வளந்த உங்களுக்கு வெக்கமா இல்லயா?
(பிரிஸ்பேன் பெரியவர்)

ஐயா, உங்க கோபத்துக்கு மரியாத குடுக்கறேன். எங்க அப்பாவும் நான் எங்க வேலைக்குப் போறேன்னு கேட்டப்ப பழத்தோட்டம்னு மட்டும்தான் சொன்னேன், இன்னி வரைக்கும் மீதிய சொல்லல. யாரையும் குடிங்கன்னு நான் எழுதல. நிலத்த வச்சு ஆறு தலமுறையா பொழைக்கற குடும்பங்களப் பத்தி எழுதறேன். அவங்க வெள்ளாமை திராட்சயா போச்சு.

கேள்வி: அக்கா, நான் ஸ்டூடண்ட் விசால இருக்கேன். விண்டேஜ், அதாவது அறுவடை சீசன்ல வேல கிடைக்குமா? கஷ்டமா இருக்குமா?
(அடிலெய்ட் மாணவர்)

தம்பி, கிடைக்கும், பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் எல்லா இடத்துலயும் ஆள் தேடுவாங்க. ஆனா உன் விசால காலேஜ் நடக்கறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அந்த சீசனும் உன் காலேஜ் ஆரம்பிக்கறதும் ஒண்ணா மோதும். ஒயினரிக்குள்ள ஷிஃப்ட் பன்னெண்டு மணி நேரமெல்லாம் போகும், நாலே ஷிஃப்ட்ல உன் கோட்டா காலி. அதனால வீக்எண்ட் பறிப்பு மட்டும் பாரு.

எப்படி இருக்கும்னா, காலைல ஆறு மணி, இருட்டு லேசா விலகறப்ப ஆரம்பிப்போம், ஏன்னா பழம் சில்லுன்னு இருக்கறப்பவே தொட்டிக்குப் போகணும். கைல சின்னக் கத்தரி, காலுக்கடில பக்கெட். பழைய கொடில கொத்து எங்க இருக்குன்னே தெரியாது, எலைக்குள்ள கைய விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்கணும், அப்படித் தடவறப்பதான் என் இடது கை ஆள்காட்டி விரல நானே ரெண்டு தடவ வெட்டிகிட்டேன். பத்து மணிக்கு மேல குளவி வந்துடும். கையெல்லாம் சக்கரப்பாகு மாதிரி ஒட்டும், ஒட்டின கைல மண்ணு ஒட்டும், மத்தியானம் சாப்பிட உக்காந்தா முதுகு நிமிர மாட்டேங்கும்.

ஒயினரிக்குள்ள வேல வேற மாதிரி. மேல தொறந்த தொட்டில ஷிராஸ் கொதிக்கும், அடுப்புல இல்ல, தானா புளிச்சு. தோலு எல்லாம் மேல வந்து ஆடை மாதிரி கெட்டியா மூடிக்கும், அத ஒரு நீளக் கம்புல தட்டு மாட்டின சாமான வச்சு நாளைக்கு மூணு நாலு தடவ உள்ள அமுக்கணும். முதல் அமுக்குல அது அசையவே அசையாது, உடம்பு மொத்தமும் மேல போட்டு அழுத்தினா திடீர்னு உடைஞ்சு உள்ள போகும், அப்ப ஒரு சூடு முகத்துல அடிக்கும் பாரு, ஜாமும் மிளகும் சேந்த மாதிரி. ஒண்ணு மட்டும், தலைய தொட்டிக்குள்ள நீட்டாத, கரியமில வாயு தேங்கி நிக்கும், மயங்கி விழுந்தா அவ்ளோதான். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு பிரஸ். எங்களோடது மரப்பட்ட வச்ச கூடை மாதிரி பிரஸ், 1984ல ராக்ஃபோர்ட்ங்கற ஒயினரிய ஆரம்பிச்சவங்க ஊரே தூக்கிப் போட்ட இந்தப் பழைய பிரஸ்ஸதான் திரும்ப பேமஸ் ஆக்கினாங்க. மெதுவா இறங்கும், பட்ட சந்துல சொட்டுச் சொட்டா வரும், அவசரப்பட்டா கொட்ட நசுங்கி கசக்கும். முடிஞ்சதும் கூடயத் தூக்கினா சக்கை பெரிய கேக் மாதிரி அப்படியே நிக்கும், அத மண்வெட்டியால வெட்டி அள்ளற வேல சின்னவங்களுக்கு, அதாவது உனக்கு.

சம்பளத்த மட்டும் எழுத்துல வாங்கு. நான் வந்த புதுசுல ஒரு தோட்டத்துல, பேர் வேணாம், ரெண்டு வாரம் பக்கெட் கணக்குன்னு சொல்லி கடைசில கணக்குப் பாத்தா மணிக்கு வர வேண்டிய கூலில பாதி கூட வரல, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம விட்டுட்டேன். நீ விடாத, சம்பளப் பிரச்னையப் பாக்கற அரசாங்க அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன்கிட்ட எந்த விசால இருக்கறவங்களும் புகார் சொல்லலாம்.

கேள்வி: கார்க் இல்லாம திருகு மூடி போட்டா மட்டமான ஒயினா?
(ஹோபார்ட் வாசகி)

இல்லவே இல்ல. கார்க்ல சில சமயம் ஈர அட்டப்பெட்டி வாட வந்து பாட்டிலே கெட்டுப் போயிடும், அந்த எரிச்சல்லதான் பக்கத்துல கிளேர் பள்ளத்தாக்குல ரீஸ்லிங் பண்றவங்க சேந்து 2000ல திருகு மூடிக்கு மாறினாங்க. நல்ல ஒயினே இப்ப அதுலதான் வருது. கார்க் திருகி தேடற வேல மிச்சம்.

கேள்வி: ஐடில இருபத்தஞ்சு வருஷம் ஓட்டியாச்சு. வீட்ட வித்துட்டு பரோசால ஒரு பத்து ஏக்கர் திராட்சத் தோட்டம் வாங்கி, சின்னதா சொந்த லேபிள் போட்டு நிம்மதியா இருக்கலாம்னு ஒரு கனவு. வீட்டம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.
(மெல்பர்ன் வாசகர்)

அண்ணா, அண்ணிக்கு என் வணக்கத்த சொல்லுங்க, அவங்க புத்திசாலி.

உங்களப் பயமுறுத்தல, நடந்தத சொல்றேன். 1970கள் கடைசில இங்க செவப்புத் திராட்ச மிதமிஞ்சிப் போய், பெரிய ஒயினரி ஒண்ணு பழம் வாங்க வேணாம்னு மேல இருந்து உத்தரவு போட்டுச்சு. அங்க ஒயின்மேக்கரா இருந்த பீட்டர் லேமன், விவசாயிங்ககிட்ட வாய் வார்த்த குடுத்துட்டேன், மாற மாட்டேன்னு வெளில வந்து 1979ல தனியா ஆரம்பிச்சு அந்தப் பழத்த எல்லாம் வாங்கினார். அவரு ஆரம்பிச்ச இடத்தோட சின்னமே சீட்டுக்கட்டு கிளாவர் ராணி, சூதாட்டம்னு தெரிஞ்சேதான் இறங்கினார். அப்பறமும் சரியாகல, 1980களோட நடுவுல அரசாங்கமே கொடியப் பிடுங்கினா காசு குடுக்கறோம்னு திட்டம் போட்டுச்சு. நூறு வயசு ஷிராஸ், கிரெனாஷ் எல்லாம் புல்டோசர்ல போச்சு. இன்னிக்கு 'மூதாதை'ன்னு போர்டு வச்சு விக்கற கொடிங்க, அன்னிக்கு அந்தக் காச வேணாம்னு சொன்ன, இல்ல சோம்பேறித்தனத்துல விண்ணப்பம் போடாத குடும்பங்களோடது. எங்க தோட்டத்துக்கார அம்மாவோட மாமனார் ரெண்டாவது வகன்னு அம்மாவே சொல்லிச் சிரிப்பாங்க.

இப்பவும் அதே கததான் வேற ரூபத்துல. சீனா 2020 கடைசில ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி போட ஆரம்பிச்சு, 2021 மார்ச்ல அத 218 சதவீதம் வரைக்கும் ஏத்துச்சு, 2024 மார்ச் கடைசிலதான் எடுத்தாங்க. அந்த மூணு வருஷத்துல வித்துப் போகாத செவப்பு ஒயின் தொட்டித் தொட்டியா நின்னுச்சு. வரிய எடுத்த உடனே எல்லாம் பழயபடி ஆயிடல, அதுக்குள்ள அங்க குடிக்கறவங்களே கொறஞ்சுட்டாங்க. பழம் விக்கற விவசாயிக்கு இது நேரா அடி. சொந்த லேபிள் வச்சு செல்லர் டோர்ல விக்கற குடும்பம் கொஞ்சம் தப்பிக்கும், ஏன்னா நடுவுல யாரும் இல்ல, வர்ற காசு முழுசா அவங்களுக்கு. ஆனா அதுக்கு ஞாயித்துக்கிழம எல்லாம் சிரிச்ச முகமா நிக்கணும், நீங்க 'நிம்மதி'ன்னு எழுதியிருக்கீங்க.

பத்து ஏக்கர்ல பாதி புதுசா நட்டா மூணு வருஷம் ஒண்ணும் வராது. நாலாவது வருஷம் கொஞ்சம் பழம், அது ஒயின் ஆகி பீப்பால தூங்கி பாட்டிலுக்கு வந்து கடைக்கு வர ஆறாவது வருஷம். நடுவுல ஒரு ராத்திரி உறைபனி, ஒரு மத்தியானம் 45 டிகிரி வெயில், ஒரு நாள் ஆலங்கட்டி, போதும். அதனால வீட்ட விக்காம பண்ற வழி ஒண்ணு இருக்கு, இங்க நெறைய சின்ன லேபிள் ஆரம்பிச்சதே அப்படித்தான். ஒரு விவசாயிகிட்ட ரெண்டு டன் பழம் வாங்குங்க, பக்கத்து ஒயினரில இடம் வாடகைக்கு எடுங்க, ஒரு ஆயிரத்து எழுநூறு பாட்டில் வரும், அத வித்துப் பாருங்க. பண்றது கஷ்டம் இல்ல, விக்கறப்பதான் தெரியும் யாரு சொந்தக்காரங்க யாரு கஸ்டமர்னு.

இன்னும் ஆச விடலன்னா ஜூலைல வாங்க. அறுவடைக்கு வராதீங்க, அப்ப எல்லாருக்கும் இது அழகாத்தான் தெரியும். ஜூலைல கவாத்து. காலைல புல்லு மேல வெள்ளையா பனி, கை மரத்துப் போயிருக்கும், ஒவ்வொரு கொடிகிட்டயும் குனிஞ்சு எந்தக் குச்சிய விடணும் எத வெட்டணும்னு யோசிச்சு வெட்டணும், ஒரு கொடிக்கு மூணு நாலு நிமிஷம், வரிசைக்கு நூத்திச் சொச்சம் கொடி, அப்படி நாப்பத்திரெண்டு வரிச. அம்மாகிட்ட கேட்டுட்டேன், ரெண்டு நாள் தங்கி வேல பாக்கலாம்னாங்க, சோறு போடுவாங்க, கூலியும் உண்டு. கத்தரி நான் தரேன், கையுறை நல்லதா நீங்களே வாங்கிட்டு வாங்க, பூட்ஸ சுத்தமாக் கழுவிட்டு வாங்க. மெல்பர்ன்ல இருந்து வர்றீங்கன்னு சொன்ன உடனே அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.